மெய்யியலாரின் போர்வை: புனித ஜஸ்டினும் நம்பிக்கைப் பகிர்வும்



நம்பிக்கையைப் பிறரோடு பகிர்தல் என்றவுடன் திருத்தூதர் பவுலையும், அரங்கிலே விலங்குகளுக்கு இரையாகச் சென்ற அந்தியோக்கு நகர் இஞ்ஞாசியாரையும் நினைப்பதே வழக்கம். எனினும், இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு விழாவில், நூலும் சொல்லும் உரையாடலுமே வாழ்வெனக் கொண்ட ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. இரண்டாம் நூற்றாண்டின் புனித ஜஸ்டின் அத்தகையவர். அவர் ஆயரல்லர், மடத்துத் துறவியுமல்லர். ஓர் ஆசிரியர், அவ்வளவே.

சமாரியப் பகுதியின் பிளாவியா நெயாப்பொலிஸ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். இன்றைய நாபுலுஸ் நகரமே அது. உண்மையைத் தேடி அவர் ஏறி இறங்கிய படிகளைத் தாமே எழுதி வைத்துள்ளார். முதலில் ஸ்தோயிக் மரபினர் ஒருவரை அடுத்தார்; அவரோ கடவுளைப் பற்றிய அறிவு தேவையே இல்லை என்று கருதியவர். அடுத்து அரிஸ்டாட்டில் மரபினர். சில நாள்களிலேயே கட்டணத்தை முடிவு செய்யுமாறு அவர் கேட்டார். (கற்பிப்போர் ஊதியம் கேட்பது குற்றமன்று, ஆயினும் அந்த அவசரம் இளைஞரின் மனத்தை முறித்துவிட்டது.) மூன்றாமவர் பித்தாகரஸ் மரபினர், இசையும் வானியலும் வடிவக் கணிதமும் கற்று வந்தபின் பார்க்கலாம் என்று திருப்பியனுப்பினார். இறுதியில் பிளேட்டோ மரபினர் ஒருவரின் மாணவராகி அமைதி கண்டிருந்த வேளையில், கடலுக்கு அருகே தனித்து நடந்தபோது முதியவர் ஒருவரைச் சந்தித்தார். முதியவர் அவரை வாதத்தில் வென்று மகிழவில்லை. வினாக்களை எழுப்பி, இறைவாக்கினரின் நூல்களைப் படிக்குமாறு சொல்லி, தம் வழியே சென்றுவிட்டார். அவரை மீண்டும் காணவேயில்லை என்கிறார் ஜஸ்டின். முதியவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் குறிப்பிடுகிறார். கிறிஸ்தவர்கள் மனித ஊன் உண்போர், இன்பத்துக்கு அடிமைப்பட்டோர் என்றெல்லாம் அக்காலத்தில் பழி பரவியிருந்தது. அவர்கள் சாவுக்கு அஞ்சாது நின்றதைக் கண்ட ஜஸ்டின், இன்பத்துக்கு அடிமையானவன் சாவை இவ்வாறு எதிர்கொள்வானா என்று தமக்குள் கேட்டுக்கொண்டார். ஆக, அவரை மாற்றியதில் முதியவரின் சொல்லுக்கும் பங்குண்டு. முன்பின் அறியாதோரின் செயலுக்கும் பங்குண்டு.

மனம் மாறியபின் அவர் உடை மாறவில்லை. மெய்யியலார் அணியும் போர்வையையே தொடர்ந்து அணிந்தார். தாம் பழைய தேடலைக் கைவிடவில்லை, அதன் முடிவை அடைந்துள்ளோம் என்பதே அவர் கருத்து. அந்தப் போர்வை பயனும் அளித்தது. உலாவிடம் ஒன்றில் காலையில் நடந்துகொண்டிருந்தபோது, அதைக் கண்டே திரிப்போ என்னும் யூதர் அவரை அணுகிப் பேச்சைத் தொடங்கினார். திரிப்போ போரிலிருந்து தப்பி வந்தவர். 132 முதல் 135 வரை யூதேயாவில் நிகழ்ந்த கொடும்போர் அது. இருவரும் இரண்டு நாள் உரையாடியதாக அமைந்த பெரிய நூல் இன்றும் உள்ளது.

இங்கு ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. அந்நூலில் யூத மக்களைப் பற்றி ஜஸ்டின் கடுஞ்சொற்கள் கூறுகிறார். அம்மக்களுக்கு நேர்ந்த துன்பத்தைத் தண்டனையாகவே காட்டுகிறார். அத்தகைய பேச்சு பிற்கால நூற்றாண்டுகளில் எத்தனை கொடுமைக்குத் துணைநின்றது என்பதை வரலாறு அறியும். போரில் ஊரிழந்து வந்தவர் எதிரே அமர்ந்திருக்கையில் அவ்வாறு பேசியதைப் புனிதர் என்பதற்காகப் போற்ற வேண்டியதில்லை. அதே நூலின் முடிவோ வியப்புக்குரியது. திரிப்போ மனம் மாறவில்லை. உரையாடல் தமக்கு மகிழ்வளித்தது என்கிறார். கடற்பயணம் புறப்படவிருந்த ஜஸ்டினை வாழ்த்தி வழியனுப்புகிறார். நூலை எழுதியவர் ஜஸ்டின். விரும்பியிருந்தால் கடைசி ஏட்டில் எதிராளியை மண்டியிடச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

உரோமையில் ஒரு குளியற்கூடத்தின் மேல்மாடியில் அவர் தங்கிக் கற்பித்தார். தம்மை நாடி வந்த எவருக்கும் உண்மையின் சொற்களைப் பகிர்ந்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் பேரரசர் அந்தோனினுஸ் பியுசுக்கு ஒரு விண்ணப்ப நூல் எழுதினார். கிறிஸ்தவர் என்னும் பெயருக்காகத் தண்டிக்காதீர், செயலை ஆராய்ந்து தீர்ப்பிடுங்கள் என்பதே அதன் சாரம். ஞாயிறு வழிபாட்டை மறைவின்றி விவரிக்கும் பகுதியும் அதிலுண்டு: நூல் வாசிப்பு, தலைவரின் அறிவுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும், வராதவர்க்குத் திருத்தொண்டர் கொண்டுசெல்லும் பங்கு, பின்னர் அநாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர், அயலூரார் ஆகியோருக்கான காணிக்கை. வதந்திக்கு அவர் அளித்த விடை சினமன்று. கதவைத் திறந்து காட்டுதலே.

அந்நூலின் ஒரு கருத்து நீண்டகாலம் வாழ்ந்தது. கிறிஸ்துவே இறைவனின் வாக்கு. அவ்வாக்கில் மாந்தர் அனைவருக்கும் பங்குண்டு. ஆதலால் அதற்கிசைய வாழ்ந்த சாக்ரட்டீசும் ஹெராக்கிளிட்டசும் கிறிஸ்தவர்களே என்று துணிந்து எழுதினார். மற்றோர் உரையில் அதனை எங்கும் தூவப்பட்ட விதையாகக் காட்டினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைப்பணி பற்றிய தன் ஏட்டில், பிற மக்களின் மரபுகளில் மறைந்துள்ள வாக்கின் விதைகளை மகிழ்வோடும் மதிப்போடும் கண்டறியுமாறு பணித்தபோது, ஜஸ்டினின் உருவகமே மீண்டும் ஒலித்தது. பிறரைக் கேளாமல் பேசத் தொடங்குவோர்க்கு அது இன்றும் எளிய பாடமன்று. அதேவேளை, சாக்ரட்டீசைக் கேளாமலே அவருக்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டுவது முறையா என்று ஒரு பிளேட்டோ மாணவர் கேட்டிருந்தால், அக்கேள்வியும் நியாயமானதே.

ஏறத்தாழ 165-இல் அவர் கைதானார். விசாரித்தவர் உரோமை நகர ஆட்சியர் ருஸ்திக்குஸ். அவரும் நூலறிந்தவர், பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுசின் கைக்கு எப்பிக்டெட்டசின் நூலைக் கொண்டுசேர்த்தவர் அவரே. மெய்யியலார் ஒருவர் முன் மெய்யியலார் ஒருவர் நின்றார். கிரேக்க மொழியில் கிடைக்கும் அவ்விசாரணைக் குறிப்பு மிகச் சுருக்கமானது.

ஜஸ்டினோடு அறுவர் நின்றனர். அவர்களுள் சரித்தோ என்னும் பெண்ணும், யுவெல்பிஸ்துஸ் என்னும் அரண்மனை அடிமையும் இருந்தனர். உங்களைக் கிறிஸ்தவர் ஆக்கியவர் ஜஸ்டின்தானா என்று ஆட்சியர் வினவினார். ஆம் என்றிருந்தால் ஆசிரியரின் குற்றம் கூடியிருக்கும், பெருமையும் கூடியிருக்கும். பையோன் என்பவர், தம் பெற்றோரிடமிருந்து பெற்றதாகக் கூறினார். யுவெல்பிஸ்துஸ், ஜஸ்டினின் சொற்களை மகிழ்ந்து கேட்டதுண்டு, ஆயினும் கப்பதோக்கியாவில் தம் பெற்றோரிடமே கற்றதாகக் கூறினார். அருகில் நின்ற ஆசிரியர் அதை மறுத்ததாகக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

பின்னர் தெய்வங்களுக்குப் பலியிடுமாறு ஆட்சியர் ஆணையிட்டார். எழுவரும் மறுத்தனர். சாட்டையடிக்குப்பின் தலை வெட்டுமாறு தீர்ப்பாயிற்று.