மாமியாருக்குப் பிறந்தநாள் எடுத்த மருமகள்மார்



சேரமான் பெருமாள், நின்றசீர் நெடுமாறன், குலசேகர ஆழ்வார் ஆகியோர் முடிசூடிய அரசர்கள், அடியார்களாகவும் போற்றப்பட்டவர்கள். இன்று நாம் பேசப்போவது அறுபத்துமூவர் வரிசையில் சேராத ஓர் அரசியைப் பற்றி. அவர் பெயர் செம்பியன் மாதேவியார்.

இவர் சோழ மன்னர் கண்டராதித்தரின் தேவியார். 957ஆம் ஆண்டளவில் கணவரை இழந்தார். கையில் சிறு மகன். அந்நாளில் கைம்பெண்ணுக்கு என்ன வாழ்வு இருந்தது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். இவரோ அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் செங்கற் கோயில்களைக் கற்றளியாக்கினார். திருநல்லத்தில், அதாவது இன்றைய கோனேரிராசபுரத்தில், கணவர் பெயரால் திருப்பணி செய்து, அவர் சிவலிங்கத்தை வணங்குவதுபோல் சிற்பமும் செதுக்கச் செய்தார்.

எல்லாவற்றிலும் நம் மனத்தைத் தொட்டது திருக்கோடிக்காவல் கோயில்தான். பழைய கோயிலைப் பிரித்தபோது, முன்னோர் தந்த கொடைகள் பொறித்த கற்கள் கிடந்தன. அவற்றை அப்படியே எறிந்துவிடவில்லை. புதுச் சுவரில் அந்த எழுத்துகளைப் படியெடுத்து வெட்டினார்கள். நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் கோயிலை இடம் மாற்றியபோது, ஐம்பது காசு கொடுத்தவர் பெயரும் எழுதியிருந்த தகரப் பலகை குப்பையோடு போயிற்று. பால்மரம் வெட்டிய கூலியில் எடுத்து வைத்த காசு அது.

இனி அவர்மேல் பக்தி வளர்ந்த விதத்தைக் கேளுங்கள். நாகப்பட்டினத்திற்கு அருகே அவர் பெயராலேயே ஓர் ஊர் உண்டு. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில் அவருடைய பிறந்தநாளான கேட்டை நாளைக் கொண்டாட, மகன் உத்தம சோழனின் மனைவியர் கொடை வைத்தார்கள். மாமியாருக்கு மருமகள்மார்! சிரிக்காதீர்கள், கல்வெட்டே சொல்கிறது. அம்மையார் மறைந்தபின், 1019இல் இராசேந்திர சோழன் அதே கோயிலில் அவருக்குத் திருமேனி எடுத்து, வழிபாட்டிற்கும் வகை செய்தான். குடும்பத்தார் காட்டிய மரியாதை, அரசன் செய்த பூசையாயிற்று. பிறகு ஊராரின் வழக்கமாயிற்று. இன்றும் அவ்வூரார் அம்மையாருக்குப் பிறந்தநாள் விழா எடுக்கிறார்கள்.

அதே இராசேந்திரன்தான் 1025 வாக்கில் கடாரத்தின்மீது கப்பற்படை அனுப்பியவன். கடாரம் என்பது நம் கெடாவே. படையெடுத்து வந்தவன் என்றே அவனை இங்கு அறிவோம். பெரிய பாட்டியார் முறையானவருக்குச் சிலை வைத்து வணங்கியவனும் அவனே. பல நூற்றாண்டுகள் கழித்து நம் தாத்தாமார் பலர் கப்பலேறியதும் அந்த நாகப்பட்டினத்தில்தான்.

உங்கள் தோட்டக் கோயிலின் பழைய கணக்குப் புத்தகம் எங்கேனும் பரணில் கிடந்தால், கரையான் அரிக்குமுன் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெயர்களை மட்டுமாவது புது நோட்டில் எழுதட்டும்.