ஒளியிழை வலையமைப்பும் அதன் மேலாண்மையும்

(புனேயில் தொலைத்தொடர்பு மாணவர்கள், அலுவலர்கள் ஆகியோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முட்டா ஆற்றின் ஒரு புறம் சிவாஜிநகர், மறுபுறம் கண்டோன்மென்ட். 1979ஆம் ஆண்டில் இவ்விரு பகுதிகளின் தொலைபேசி இணைப்பகங்களும் கண்ணாடி இழையால் இணைக்கப்பட்டன. நமது நாட்டில் உள்ளூர் இணைப்பகங்களுக்கிடையே ஒளியிழை பயன்பட்டது அதுவே முதன்முறையாகும். அந்தப் பெருமைக்குரிய நகரில் நின்று பேசுவதால், இழையைப் புதைப்பதைப் பற்றி அல்லாமல், புதைத்தபின் அதனை ஆளும் முறையைப் பற்றிக் கூற விரும்புகிறேன். நமது துறையில் முன்னதற்குத் திறப்பு விழாக்கள் உண்டு. பின்னதற்கு விழா ஏதுமில்லை.

கண்ணாடி இழை வழியே செய்தி அனுப்ப இயலும் என்று 1966இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் ஆகிய இருவரும் ஆய்வுக் கட்டுரை எழுதினர். கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்புக்குள் அடங்கும் இழையை அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1970இல் உருவாக்கியது. 20 டெசிபல் என்றால், செலுத்திய ஒளியில் நூற்றில் ஒரு பங்கே மிஞ்சும். இன்று ஒரு நல்ல இழையில் கிலோமீட்டருக்கு இழப்பு ஏறத்தாழ 0.2 டெசிபல் மட்டுமே. அன்று 1 கிலோமீட்டரின் முடிவில் எஞ்சிய ஒளி, இன்று 100 கிலோமீட்டரின் முடிவில் எஞ்சுகிறது. செப்புக் கம்பியில் எண்ணிமக் குறிகளைச் செலுத்தியபோது ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பிக்கும் கருவி தேவைப்பட்டது. அதனால் ஊழியரும் வழி நெடுகிலும் இருந்தனர். இப்போது இடைவழியில் எவருமில்லை. ஓர் இழையிலேயே பல நிற ஒளிக்கதிர்கள் தனித்தனிச் சுமைகளோடு செல்கின்றன. காவல் குறைந்துவிட்டது, இழப்பின் அளவோ பெருகிவிட்டது. மேலாண்மை மென்பொருளின் தேவை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இம்மென்பொருள் தொலைவிலுள்ள கருவிகளோடு எவ்வாறு பேசுகிறது? அதற்கென வழி ஒன்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுள்ளது. 1988இல் பன்னாட்டுத் தரமாக வகுக்கப்பட்ட எஸ்.டி.எச். முறையில் ஒவ்வொரு சட்டகத்திலும் சில பைட்டுகள் மேலாண்மைச் செய்திக்கென்றே விடப்பட்டுள்ளன. பல அலைநீளங்களைச் சுமக்கும் அமைப்புகளில் பெரும்பாலும் 1510 நானோமீட்டரில் தனி ஒளித்தடம் ஒன்று இதற்கு உண்டு. அது ஒளிப்பெருக்கியின் எல்லைக்கு வெளியே உள்ளது. பெருக்கிக்கு முன்னர் பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்க்கப்படுகிறது. ஆகவே பெருக்கி செயலிழந்தாலும் அச்செய்தியைச் சொல்லும் தடம் பிழைத்திருக்கும்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மேலாண்மைப் பணியைப் பழுது, அமைப்பு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு என ஐந்தாகப் பகுத்துள்ளது. தேர்வுக்கு ஐந்தும் வேண்டும். நடைமுறையில் ஒரு நிலையத்தின் தரத்தைப் பழுதைக் கொண்டே அறியலாம் என்பது என் கருத்து.

ஓர் இடத்தில் வடம் அறுந்தது என்று கொள்வோம். ஒளி வரவில்லை என ஒரு கருவி அலாரம் எழுப்பும். அதன்மேல் ஓடும் ஒவ்வொரு சுற்றும், அச்சுற்றை நம்பிய ஒவ்வொரு ரவுட்டரும் தனித்தனியே கூக்குரலிடும். திரை முழுவதும் சிவப்பாகிவிடும். காரணம் ஒன்று, அறிகுறிகள் நூற்றுக்கணக்கில். அடியிலுள்ள காரணத்தை நிறுத்தி மற்றவற்றை அதன்கீழ் ஒடுக்குவதே நல்ல மென்பொருளின் வேலை. அவ்வாறு ஒடுக்குவதற்கு எந்தச் சுற்று எந்த இழையில் செல்கிறது என்ற பதிவேடு சரியாக இருத்தல் வேண்டும். பதிவேடு தவறானால் மென்பொருளும் தவறான கருவியையே சுட்டும்.

இதனினும் நுட்பமான இடர்ப்பாடு ஒன்று உண்டு. வளைய வடிவில் அமைந்த வலையமைப்பில் ஒரு கரம் அறுந்தால், போக்குவரத்து ஏறத்தாழ 50 மில்லிவினாடிக்குள் மறுகரத்துக்கு மாறிவிடும். பேசிக்கொண்டிருப்பவர் அதனை உணரமாட்டார். 198 என்ற எண்ணுக்குப் புகார் வந்ததும் ஊழியர் புறப்படுவது நமக்குப் பழகிய முறை. இங்கோ புகாரே வராது. திரையில் ஒரு கோடு மட்டும் நிறம் மாறும். சேவை நடக்கிறதே என்று அதனை ஒரு வாரம் ஒத்திவைத்தால் வளையம் வெறும் கோடாகிவிடும். அடுத்து எங்கேனும் ஒரு மண்வாரி இயந்திரம் தோண்டினால் முழுப் பகுதியும் இருளில் ஆழும். புகார்களின் எண்ணிக்கையைக் கொண்டே ஒரு பிரிவின் திறமையை மதிப்பிடும் அதிகாரிகள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் அறுப்பு சீராக எத்தனை மணி நேரமாயிற்று என்ற கணக்கு மென்பொருளிலேயே உள்ளது; அதனைக் கேட்பவர்தான் வேண்டும்.

திரையில் வட்டமாகத் தெரிவதெல்லாம் தரையிலும் வட்டமாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இரு கரங்களும் ஒரே பள்ளத்தில், அல்லது ஒரே பாலத்தின் ஓரத்தில் சென்றால், ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும். ஆறுகள் ஊடறுக்கும் புனே போன்ற நகரில் பாலங்கள் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியவை. வடம் செல்லும் பாதையை நிலப்படத்தோடு பொருத்தாத மென்பொருளுக்கு இந்த ஆபத்து தெரியவே தெரியாது.

அறுந்த இடத்தைக் கண்டறியும் முறையும் அறியத்தக்கது. இழையினுள் ஒளித்துடிப்பைச் செலுத்தி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறோம். கண்ணாடியில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், 1 மைக்ரோவினாடி என்பது 100 மீட்டர்த் தொலைவைக் குறிக்கும். இதனைத் தானாகவே செய்யும் கருவிகளை மென்பொருளோடு இணைக்கலாம். ஆனால் கிடைப்பது இழையின் நீளம், சாலையின் நீளமன்று. இணைப்புக் குழிகளில் பிற்காலத் தேவைக்கென வடம் சுருட்டி வைக்கப்படுகிறது. எந்தக் குழியில் எத்தனை மீட்டர் உள்ளது என்று எழுதி வைக்காத இடத்தில், பழுது பார்ப்போர் நூறு மீட்டர் தள்ளி நல்ல சாலையைத் தோண்டிக்கொண்டிருப்பர். தோண்டுவோருக்கும் வடத்தின் உரிமையாளருக்கும் தொடர்பு ஏற்படுத்த, ‘தோண்டுமுன் அழையுங்கள்’ எனப் பொருள்படும் செயலி ஒன்றை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. அதற்கும் ஆதாரம் பாதைப் பதிவேடே.

இனிக் கிராமத்துக்கு வருவோம். 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற தேசிய ஒளியிழை வலையமைப்புத் திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. அதன் இரண்டாம் கட்டத்தில் மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் தம் மாநில அமைப்புகள் வாயிலாகப் பணியை மேற்கொண்டன. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் இலக்காயின. ஊராட்சி அலுவலகத்துக் கருவி பேசாமற்போனால் இழை அறுந்ததா, மின்சாரம் நின்றதா என்பதே முதற்கேள்வி. மின்சாரம் நிற்கும் கணத்தில், மின்தேக்கியில் எஞ்சிய சிறு ஆற்றலைக் கொண்டு அக்கருவி ஒரு கடைசிச் செய்தியை அனுப்பும் வசதி உண்டு. ‘இறுதி மூச்சு’ என்று இதனைப் பொறியாளர்கள் அழைக்கின்றனர். இறுதி மூச்சு வந்தால் மின்கலத்தைப் பாருங்கள். வராமல் மௌனமானால் இழையைப் பாருங்கள். இந்த ஒரு செய்தியைப் படிக்கத் தெரிந்தால், வட்டாரத் தலைமையிடத்திலிருந்து வண்டி வீணாகப் போய்வருவது பெரிதும் குறையும்.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், வட்டாரத்திலிருந்து ஊராட்சி வரை வளைய அமைப்பையே விதிக்கிறது. முன்னர்க் கூறிய ‘புகார் வராத பழுது’ இனிச் சிற்றூர்களிலும் தோன்றும் என்பதே இதன் பொருள். ஆகவே வளையம் ஒன்றை ஒப்புக்கொள்ளக் கையெழுத்திடும் அலுவலர் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குதல் நலம்: இரு கரங்களையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துச் சோதித்த அறிக்கை, அக்கரங்கள் எங்கெங்கு ஒரே பாதையில் செல்கின்றன என்று காட்டும் நிலப்படம், குழிவாரியாகச் சுருள் நீளத்தின் பட்டியல். இவை மூன்றும் மென்பொருளில் ஏற்றப்பட்ட பின்னரே ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தொகை வழங்கலாம்.