கிரேக்கக் கொல்லனும் நம் குடியிருப்புச் சிறுவனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் கம்பரையோ வள்ளுவரையோ பற்றிப் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு நாங்கள் ஒரு கிரேக்கத் தெய்வத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் எங்கள் மூவர் சார்பிலும் இவ்வுரை அமைகின்றது. இதில் எங்கள் பிழையொன்றும் அடங்கியிருப்பதால், பொறுப்பை மூவரும் பங்கிட்டுக் கொள்வதே முறை.

நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் ஆறாம் வகுப்பினருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒலிம்பஸ் மலையில் வாழ்ந்ததாகக் கிரேக்கர் போற்றிய தேவர், தேவியருள் ஒருவரைச் சார்ட்டுத் தாளில் வரைந்து, வரலாறும் எழுதி, வகுப்புச் சுவரில் மாட்டவேண்டும். யாருக்கு எந்தத் தெய்வம் என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். இடியேந்திய சீயஸ் ஒருவனுக்கு, ஆந்தையை உடைய அதீனா ஒருத்திக்கு, முச்சூலம் தாங்கிய கடல் தெய்வம் போசைடன் இன்னொருவனுக்கு. நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவனுக்கு வந்த சீட்டில் 'ஹெபீஸ்டஸ்' என்று எழுதியிருந்தது. நெருப்புக்கும் உலைக்களத்துக்கும் உரிய தேவன், தேவர்களின் கொல்லன்.

அச்சிறுவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவனிடமும் பெற்றோரிடமும் இசைவு பெற்ற பின்னரே பேசுகிறோம். பிறவியிலேயே அவனுக்கு ஒரு பாதம் உள்நோக்கி வளைந்திருந்தது. மருத்துவம் செய்தும் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. ஹெபீஸ்டஸோ கால் ஊனமுற்ற தெய்வம். ஹோமர் அவனுக்குச் சூட்டும் அடைமொழிகளில் ஒன்றன் பொருளே 'வளைந்த பாதத்தான்' என்பதாகும்.

அன்று மாலையே அவன் தாயார் எங்களைத் தேடி வந்துவிட்டார். "அண்ணா, அத்தனை சாமிகள் இருக்க என் பிள்ளைக்கு இதுதானா வர வேண்டும்? பள்ளியில் பேசி மாற்றித் தாருங்கள்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சீட்டை மாற்றக் கேட்டால் வகுப்பே காரணத்தைப் பேசும் என்று அஞ்சி, நாங்கள் வேறொரு வழி கண்டோம். "பட்டடைக் கல்லுக்குப் பின்னால் அவன் அமர்ந்திருப்பதாக வரைந்துவிடு. கால் தெரியாது" என்று பையனிடம் கூறினோம். மிகவும் சாமர்த்தியமான யோசனை என்றே அப்போது எண்ணினோம். அவன் ஒன்றும் பேசாமல், சங்க நூலகத்திலிருந்த இலியட் கதைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு வந்தபோது அவனிடம் இரண்டு கேள்விகள் இருந்தன.

முதற் கேள்வி, இவனை வானிலிருந்து தள்ளியது யார் என்பது. இலியட் காவியத்தின் முதற் பகுதியில், தாய் ஹேராவுக்குத் துணையாக நின்றதற்காகச் சீயஸ் இவனைக் காலைப் பற்றி எறிந்தான் என்று வருகிறது. பகலெல்லாம் விழுந்து, கதிரவன் மறையும் வேளையில் லெம்னாஸ் தீவில் வந்து சேர்ந்தானாம். அத்தீவு மக்கள் அவனை எடுத்துப் பேணினராம். அதே காவியத்தின் 18ஆம் பகுதியிலோ, காலூனத்தை மறைக்க விரும்பிப் பெற்ற தாயே தள்ளிவிட்டாள் என்றும், தெடிஸ், யூரினோம் என்ற கடல் மங்கையர் இருவர் காத்தனர் என்றும், ஒன்பது ஆண்டுகள் குகையொன்றில் மறைந்திருந்து அவர்களுக்கு அணிகலன்கள் செய்து தந்தான் என்றும் வருகிறது. எது உண்மை என்று கேட்டான். இரண்டையும் எழுது என்றோம். தாய் தள்ளிய கதையைத் தன் தாயிடம் அவன் படித்துக் காட்டவில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் உடனே விடையில்லை. "மாமா, தேவர்கள்கூடவா சிரிப்பார்கள்?" என்றான்.

முதற் பகுதியின் இறுதியில் வரும் காட்சி அது. சீயஸுக்கும் ஹேராவுக்கும் சச்சரவு மூண்டு, விருந்தே கெட்டுப்போகும் நிலை. ஹெபீஸ்டஸ் எழுந்து தாயைச் சமாதானப்படுத்துகிறான். தான் எறியப்பட்ட கதையை அவனே எடுத்துச் சொல்கிறான். பின்னர்க் கிண்ணங்களில் அமுதத்தை ஊற்றிக்கொண்டு மண்டபத்தில் மூச்சிரைக்க அங்குமிங்கும் விரைகிறான். அதைக் கண்டு தேவர்கள் அடக்கமாட்டாமல் சிரிக்கிறார்கள். சண்டை ஓய்கிறது, அன்று முழுதும் விருந்து இனிதே நடக்கிறது. பூசலைத் தீர்க்க அவன் வேண்டுமென்றே அப்படிச் செய்தான் என்று கருதுவோரும் உளர். நாங்கள் அவ்விளக்கத்தைச் சொன்னோம். பையன் சிறிது நேரம் யோசித்து, "வேண்டுமென்றே செய்தாலும் சிரித்தது சிரித்ததுதானே?" என்றான். எங்களுள் ஒருவர் பேச்சைத் தேநீர்ப் பக்கம் திருப்பினார்.

அவன் மனம் தங்கிய இடம் 18ஆம் பகுதிதான். தன்னைக் காத்த தெடிஸ், மகன் அகிலீஸுக்குப் படைக்கலம் வேண்டி உலைக்களத்துக்கு வருகிறாள். அங்கே 20 முக்காலிகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் தங்கச் சக்கரங்கள். அவை தாமாகவே தேவசபைக்கு உருண்டு சென்று, தாமாகவே திரும்பி வரும். ஹெபீஸ்டஸ் முகத்தையும் கைகளையும் துடைத்துக்கொண்டு, தடியை ஊன்றி வருகிறான். அவன் நடக்கத் துணையாகத் தாங்கி வருவோர், அவனே பொன்னால் செய்த பணிப்பெண்கள். அவர்களுக்கு அறிவும் உண்டு, பேச்சும் உண்டு. இயந்திர மனிதர் பற்றி இன்று எழுதுவோர் இவ்விடத்தைச் சுட்டாமல் விடுவதில்லை. பிறகு 20 துருத்திகள் அவன் ஏவலுக்கேற்ப ஊத, வெண்கலமும் வெள்ளீயமும் பொன்னும் வெள்ளியும் உருக, கேடயம் பிறக்கிறது. அதில் ஞாயிறும் திங்களும், இரு நகரங்களும், உழவும் அறுவடையும், திராட்சைத் தோட்டமும், ஆடும் இளைஞரும், விளிம்பைச் சுற்றிப் பேராறாகிய ஓஷனஸும்.

உருக்காலைக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவன் தந்தையார் வார்ப்படப் பிரிவில் பணிபுரிபவர். செப்டம்பர் 17ஆம் நாள் ஆலையில் விசுவகர்மா பூசை நடப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பண்டை ஏதென்ஸிலும் வெண்கலக் கொல்லர்கள் அதீனாவுக்கும் ஹெபீஸ்டஸுக்கும் விழா எடுத்தனர். கொல்லர் தெருக்களுக்கு அருகே, கி.மு. 449ஐ ஒட்டி எழுப்பத் தொடங்கிய அவன் கோயில், பின்னாளில் கிறித்தவ ஆலயமாக இருந்து, இன்றும் பெரும்பகுதி சிதையாமல் நிற்கிறது.

கால் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கருத்துண்டு. பழங்காலத்தில் செம்போடு பாஷாணம் கலந்த உலோகத்தை உருக்கியபோது எழுந்த நச்சுப்புகை கொல்லர்களின் நரம்பைக் கெடுத்திருக்கலாம். அந்த நினைவே இத்தேவனின் நடையில் எஞ்சியது என்பர் சிலர். இதைக் கேட்ட தந்தையார் தலையசைத்தார், மேற்கொண்டு பேசவில்லை.

இனி எங்கள் 'பட்டடைக் கல்' யோசனைக்கு வருவோம். கி.மு. 570 அளவில் செய்யப்பட்டு இன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் உள்ள ஜாடியொன்றில், ஹெபீஸ்டஸ் கோவேறு கழுதை மீதேறி ஒலிம்பஸுக்குத் திரும்புகிறான். ஒரு பாதம் பின்னோக்கித் திரும்பியிருப்பது வெளிப்படையாகத் தெரியும். அல்கமனீஸ் என்ற சிற்பி வடித்த சிலையோ ஆடையணிந்து நிற்கும் நிலையில் இருந்தது; கால் ஊனம் இலேசாகத் தெரிந்தும் அழகு குன்றவில்லை என்று உரோமானிய அறிஞர் சிசரோ குறித்திருக்கிறார். சிலை இன்றில்லை. இவ்விரண்டையும் நாங்கள்தாம் தேடிக் கொடுத்தோம். கொடுக்கும்போதே எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அவன் ஜாடியைத் தேர்ந்தெடுத்தான். பாதத்தை வரைந்து, அழித்து, மூன்று முறை மீண்டும் வரைந்தானாம். ஒரு மூலையில் குஷாண மன்னன் கனிஷ்கனின் நாணயமும் இருந்தது. அவன் ஆட்சித் தொடக்கத்து நாணயங்கள் சிலவற்றில் ஹெபீஸ்டஸின் பெயர் கிரேக்க எழுத்தில் உண்டு. பின்னர் அத்தெய்வத்துக்கு அத்ஷோ என்ற ஈரானியப் பெயர் வந்தது. மதுரா வரை ஆண்டவன் காசில் தன் தெய்வம் இருப்பதில் பையனுக்குத் தனிப் பெருமை.

பள்ளிக் கண்காட்சியன்று நாங்களும் போயிருந்தோம். அவன் தாயார் சற்றுத் தள்ளியே நின்றார். ஒரு மாணவன் வந்து, படத்தையும் இவனையும் மாறி மாறிப் பார்த்து, "உன் சாமி ஏன் நொண்டி?" என்று இந்தியில் கேட்டான். நாங்கள் குறுக்கிட எத்தனித்தோம். அதற்குள் இவன், "அது முதல் பத்தியில் இருக்கிறது. கேடயம் இரண்டாம் பத்தியில். இரண்டையும் படித்துவிட்டு வா" என்றான். வந்தவன் நின்று முழுதும் படித்தான். தங்கச் சக்கர முக்காலி எப்படித் திரும்பும் என்று கேட்டான். இருவரும் அதைப் பற்றியே நெடுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தாயார் மெல்ல அருகில் வந்து, தாய் தள்ளிய கதை எழுதியிருந்த வரிகளை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார். படித்து முடித்து, கழன்றிருந்த ஓர் ஊசியை எடுத்துத் தாளின் முனையில் அழுத்திக் குத்தினார்.

அத்தாள் இம்மண்டப வாயிலுக்கு வலப்புறம் மாட்டியிருக்கிறது. தங்க வண்ணம் தீர்ந்துபோனதால் பணிப்பெண்களுள் ஒருத்தி மட்டும் மஞ்சளாக இருப்பாள்.