போர்வையை வெட்டுமுன்

(லிந்துலையில் மீளக்குடியேறிய குடும்பங்களுக்கான தையல் வகுப்பில் ஆற்றிய உரை)

பின்னால் நிற்கிற அம்மாமார் முன்னுக்கு வாருங்கள், கதவடியில் காற்று அடிக்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்தவர்களுக்கு ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடுகிற ரவிக்கை. போன வகுப்புக்கு ஒரு அக்கா ரவிக்கைத் துணியோடு வந்துவிட்டார். இங்கே நாங்கள் ஜக்கட் என்பது குளிருக்குப் போடுகிற மேற்சட்டை. பெரிய கங்காணிமார் கறுப்புக் கோட்டோடு நின்ற மலைகள் இவை. கொழுந்தெடுத்த நம் பாட்டிமாருக்குக் கோட்டு இல்லை; கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறினார்கள்.

மண்டபத்திலும் வவுனியாவிலும் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி கிடக்கும். ஆனி, ஆடியில் மழையும் காற்றும். காசு இருந்தால் நுவரெலியாக் கடைகளில் வாங்கலாம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எத்தனை நாள் சம்பளம் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் நிவாரணப் போர்வையில் தைக்கச் சொல்லித் தருகிறோம். ஒன்றரை மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் நீளமுள்ள போர்வையில் சிறுபிள்ளைகளுக்கு இரண்டு ஜக்கட் வெட்டலாம்.

ஆனால் வெட்டிய போர்வை திரும்பி வராது. நான் ஊர் திரும்பிய வருடம் மகனுக்கு வெட்டினேன். போர்வைக்கு ஒரு பக்கம் பஞ்சு, மறுபக்கம் வழுவழுப்பு. அதைக் கவனிக்காமல் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். அன்றிரவு போர்த்தவும் இல்லை, போடவும் இல்லை. ஆகவே எல்லாருக்கும் போர்த்தப் போர்வை இருந்து, ஒன்று மிஞ்சினால் மட்டும் வெட்டுங்கள். பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளைக்கு முதலில் தையுங்கள்.

துணியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். சுருங்குவது வெட்டுமுன்பே சுருங்கட்டும். பிறகு பழைய பத்திரிகையில் வெட்டிப் பாருங்கள். பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு மேல் வைத்து மார்பை அளந்து, ஐந்து அங்குலம் கூட்டுங்கள். மார்பு 24 என்றால் 29. அதை நான்காக மடித்தால் ஏழேகால். முதுகுத் துண்டை மடிப்பில் வைத்து ஏழேகாலோடு தையலுக்கு அரை அங்குலம். முன்பக்கம் இரண்டு துண்டு. அவற்றுக்குப் பொத்தான் பட்டிக்கு இன்னும் ஒரு அங்குலம் விடுங்கள். சிப் அழகுதான், ஆனால் பழுதானால் மாற்றுவது கஷ்டம். பொத்தான் போனால் வேறொன்று தைக்கலாம்.

கையை, முழங்கையை மடக்கச் சொல்லி அளக்க வேண்டும். நீட்டி அளந்தால் புத்தகப் பை தூக்கும்போது மணிக்கட்டு வெளியே தெரியும். நுனியில் இரண்டு அங்குலம் மடித்து விட்டால் அடுத்த வருடம் அவிழ்த்துக்கொள்ளலாம். கைக்குழியின் வளைவையும் கைத்துண்டின் வளைவையும் நூல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கடதாசியிலேயே திருத்துங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மெசின் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். இரட்டை நூலில் பின்தையல் போட்டால் உறுதியாக நிற்கும். தோள்பட்டையை முதலில் மூட்டி, கையை விரித்தபடி இணைத்து, பிறகு கையின் அடிப்பக்கத்தையும் இடுப்புப் பக்கத்தையும் ஒரே ஓட்டமாகத் தைத்துவிடுங்கள். நூல் பிரிகிற போர்வையானால் பழைய சேலைக் கரையை மடித்து ஓரம் கட்டுங்கள். இது மழைச்சட்டை இல்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். நனைந்தால் காய இரண்டு மூன்று நாள் ஆகும்.

நாளை வரும்போது பத்திரிகை, கத்தரிக்கோல், பிள்ளையின் சட்டை மட்டும் போதும். போர்வை வேண்டாம். முடிந்தால் பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.