பூட்டிப் பிரிக்கும் மர வீடு

(ஸ்ரீரங்கத்தில் நமது சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விசுவகர்ம குலத்தோர் கூடிய இச்சபையில் மரவேலையைப் பற்றிப் பேசுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை யொக்கும். எனினும் யான் கூறப்புகுவது உளியைப் பற்றி மாத்திரமன்று. பொறியியற் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள், தங்கள் இறுதியாண்டு ஆய்வு வேலையாக, ஒரு மர வீட்டை வகுத்துச் சோதித்துப் பார்த்தல் வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.

அவ்வீடு எத்தகையது? சுவர், தளம், கூரை ஆகியவற்றைத் தனித்தனிக் கூறுகளாகப் பட்டறையிலேயே செய்து, வேண்டுமிடத்திற் பூட்டி, வேண்டாதபோது பிரித்தெடுக்கத் தக்கது. இஃது நமக்குப் புதிதன்று. இவ்வூர்ச் சித்திரைத் தேரைப் பாருங்கள். அடித்தேர் நிலையாய் நிற்க, மேற்பகுதியை ஆண்டுதோறும் கால் நாட்டிக் கயிற்றாற் பிணித்து எழுப்பி, திருவிழா முடிந்தபின் பிரித்துவிடுகின்றனர். லண்டன் நகரத் தச்சராகிய ஹென்றி மானிங் என்பார், 1830-ஐ ஒட்டி ஆஸ்திரேலியா சென்ற தம் மைந்தனுக்காக இத்தகைய குடிலொன்றை அமைத்தார். ஓராள் எளிதிற் சுமக்கக் கூடாத பகுதி யொன்றும் அதில் இல்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழும் நமக்கு இதன் பிரயோசனம் தெளிவு. 1977-லும் 2005-லும் வந்த வெள்ளங்களைக் கண்டோர் இங்கே பலர் உளர். நீர் வடியுமளவும் வீடிழந்தோர் தங்குதற்கு, ஒரே நாளிற் பூட்டக்கூடிய வீடுகள் கைவசம் இருத்தல் எத்துணை நன்று!

நிற்க. வகுத்தல் எளிது, சோதித்தலே அரிது. இந்தியத் தர விதிகளின்படி திருச்சிராப்பள்ளிக்குரிய அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 47 மீட்டர். அக்காற்று நேரே மோதின், சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிலோ அழுத்தம் உண்டாம். 3 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உள்ள சுவர் ஏறக்குறைய 1,200 கிலோ தாங்கவேண்டும்.

மரத்தின் வலிமையை அறிய, 5 சென்டிமீட்டர் சதுரமும் 75 சென்டிமீட்டர் நீளமுமுள்ள துண்டை, 70 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் வைத்து, நடுவிற் பாரமேற்றி முறிப்பது முறை. ஈரம் மிகுந்தால் வலிமை குறையுமாதலின், சுமார் 12 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தியே ஒப்பிடுவர். ஆயினும் சோதனைத் துண்டிற் கணு இராது. வீட்டு மரத்தில் இருக்கும். அன்றியும் காற்று சுவரைத் தள்ளுவதோடு கூரையையும் மேலே தூக்குமாதலின், மரம் முறியுமுன்னரே பொருத்து நெகிழ்ந்துவிடக் கூடும். ஆகையால் கழுந்தும் துளையும் ஆணியும் அமைந்த முழுச் சுவரொன்றைப் பக்கவாட்டில் தள்ளி, ஒவ்வொரு பாரத்துக்கும் எத்துணை நகர்ந்ததென்று குறித்து, உடையும்வரை பார்த்தல் வேண்டும்.

இதில் நமக்கென்ன? மத்தியப் பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டிடங்களில் மரத்தை விலக்கி, 2020-ல் அத்தடையை நீக்கியது. கதவு திறந்தது, ஆயின் உள்ளே புகுவதற்குக் கணக்கு வேண்டும். நம் முதியோர் தட்டிப் பார்த்தே மரத்தின் குணத்தைச் சொல்வர். அவ்வறிவு எழுத்தில் இல்லாதவிடத்துப் பொறியாளர் கையொப்பமிடார். கையொப்பமில்லாவிடத்து வேலையும் இல்லை. பிள்ளைகளோ பட்டம் பெற்றும் இழைப்புளியைத் தொட்டறியார். இவ்விரண்டும் பிரிந்தே நிற்குமாயின், ஒரு தலைமுறைக்குள் இரண்டையும் இழப்போம்.

சேர்ந்தால் விளையும் நன்மைக்குத் திருவாரூர் ஆழித்தேரே சான்று. தச்சர் சமைத்த அத்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் நீர்விசைத் தடைகளும் அளித்தது நம் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனமன்றோ?

ஆதலின் சங்கத்தார் ஆண்டுக்கு ஒரு மாணவர் குழுவுக்கேனும் மரச்செலவை ஏற்க வேண்டுகிறேன். அக்குழுவில் ஆண் பெண் இருபாலரும், எக்குலத்துப் பிள்ளைகளும் சேரலாம். கைத்தச்சர் ஒருவர் மாத்திரம் கட்டாயம் இருத்தல் வேண்டும். அறிக்கையின் முகப்பில் மாணவர் பெயரோடு அவர் பெயரும் பொறிக்கப்படுக.