பார்ப்பவரையும் பார்க்க வேண்டும்

தறியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களே, பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

நிறுவல் கலையைப் பற்றிக் காஞ்சிபுரத்தின் இந்த ஓரிக்கையில் பேச ஆசைப்பட்டு வந்திருக்கிறேன். சுவரில் மாட்டிய ஓவியத்தை எட்ட நின்று பார்க்கலாம். நிறுவல் கலையில் அப்படி ஒதுங்கி நிற்க இடமில்லை. அறையே படைப்பு, உள்ளே காலெடுத்து வைத்தால் நாமும் அதில் சேர்ந்துவிடுகிறோம். தெருவெங்கும் கேமராக்கள் முளைத்துவிட்ட இந்தக் காலத்தைப் பற்றிச் சட்டப் புத்தகங்களைவிட இந்த அறைகள்தான் எனக்கு அதிகம் சொல்லித் தந்தன.

1970-இல் அமெரிக்கக் கலைஞர் ப்ரூஸ் நௌமன் ஒரு நடைவழியைக் கட்டினார். ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய இடுக்கு. அதன் கடைக்கோடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மானிட்டர்கள். ஒன்றில் ஆளற்ற நடைவழியின் பழைய பதிவு ஓடும். இன்னொன்றில் நீங்கள் தெரிவீர்கள். ஆனால் கேமரா உங்களுக்குப் பின்னால், நுழையும் இடத்தில் உயரத்தில் இருக்கிறது. திரையில் தெரிவது உங்கள் முதுகு. சரியாகப் பார்த்துவிடுவோம் என்று திரையை நோக்கி நடக்க நடக்கக் கேமராவை விட்டு விலகுகிறீர்கள். உருவம் சிறுத்துக்கொண்டே போகிறது. எங்கோ உங்களைப் பற்றிய பதிவு இருக்கிறது, ஆனால் அது உங்கள் கைக்கு எட்டாது. இந்த நிலைமையை நௌமனைவிடக் கூர்மையாக எவரும் காட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா 2007-இல் செய்த ‘நிழல் 3’ இன்னொரு விதம். உள்ளே வருபவர்களின் நிழல் பெரிய திரையில் விழுகிறது. சற்று நேரத்தில் மேலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களின் நிழல்கள் இறங்கி வந்து அவர்கள் நிழலோடு ஒட்டிக்கொள்கின்றன. குழந்தைகள் முதலில் சிரித்துக்கொண்டு விளையாடுவார்கள். பிறகு உதறினாலும் போகாத அந்தச் சுமை மட்டும் திரையில் நிற்கும்.

என்னை அதிகம் உலுக்கியது டெல்லியின் ராக்ஸ் மீடியா கலெக்டிவ் குழுவினர் 2011-இல் செய்த ஒரு படைப்பு. அதன் பின்கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1858-இல் வங்காளத்தில் சாலை போடும் சரக்குக்கு ஒப்பந்தம் எடுத்தவர் கோனாய். வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் அவருடைய முழு உள்ளங்கையையும் மையில் பதியவைத்தார். கையெழுத்தை நாளைக்கு மறுத்துவிடலாம் என்ற நினைப்பே வராதபடி அவரை மிரட்டி வைக்கத்தான் அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே பின்னாளில் எழுதினார். விரல்ரேகை ஆராய்ச்சியின் தொடக்கக் காலச் சான்றுகளில் ஒன்றாக அந்தக் கைப்பதிவு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. ராக்ஸ் குழுவினர் அதைச் சுவரில் ஒளிவீச்சுப் படமாக விழவைத்து உயிர்கொடுத்தார்கள். விரல்கள் மெல்ல மடங்குகின்றன, நிமிர்கின்றன. எதையோ எண்ணிக்கொண்டே இருக்கின்றன. ஆதார் எண்கள் வழங்கத் தொடங்கிய மறு ஆண்டில் வந்த படைப்பு இது. சாலை போடச் சரக்குக் கொடுத்த மனிதரின் உள்ளங்கைப் பதிவு இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று அவரிடம் யாரேனும் சொல்லியிருப்பார்களா?

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். 2012-லேயே தமிழ்நாட்டு நகரங்களில் பொதுக் கட்டடங்களில் கேமரா பொருத்த விதிகள் வந்துவிட்டன. 2017-க்குப் பிறகு சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமராக்களைப் பெருக்கியது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு சென்னை உலகிலேயே முதலிடம் என்று சர்ஃப்ஷார்க் நிறுவனம் கணக்குச் சொன்னபோது பலர் பெருமைப்பட்டார்கள். அந்தப் பெருமையை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. சங்கிலி பறிகொடுத்த பெண்ணுக்கு அந்தப் பதிவுதான் ஆறுதல். 2019-இல் அத்திவரதர் சிலையைக் காணக் காஞ்சிபுரத்தில் கடலாகத் திரண்ட கூட்டத்தைக் கேமரா இல்லாமல் எப்படிச் சமாளித்திருக்க முடியும்?

ஆனால் 2024 மே மாதம், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியாள் ஒருவர் புகுந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வது?

ஓரிக்கையில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடுகிறது. தறி இருக்கும் வீட்டில் தொழிலும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ். விடியற்காலையில் தெருவிலேயே பாவு நூலை நீட்டி இழைகளைச் சரிபார்க்கும் ஊர் இது. அந்த நேரத்தில் தெரு என்பது வீட்டின் நீட்சிதான். தலை முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதில் கூச்சம் ஏதும் கிடையாது, ஏனென்றால் பார்ப்பவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். எதிர்வீட்டு அத்தை பார்த்தால் அத்தையை இவரும் பார்க்கிறார். கம்பத்தின்மேல் இருக்கும் கேமராவை அப்படித் திருப்பிப் பார்க்க வழியில்லை. அதன் மறுமுனையில் இருப்பவர் யார், படம் எத்தனை நாள் இருக்கும், யாருடைய கைபேசிக்குப் போகும்? பாட்டிக்குச் சொல்வதற்கு ஆளில்லை.

“தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம்?” என்று கேட்பவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு தமிழ்நாட்டு வழக்கைச் சொல்கிறேன். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் தூக்குத்தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. அவரோடு தொடர்பில் இருந்த அதிகாரிகளின் பெயர்கள் அதில் வரும் என்ற நிலையில் அதைத் தடுக்க முயற்சி நடந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருந்தன. தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அரசுப் பணியில் செய்த காரியங்களுக்கு அதிகாரி அந்தத் திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. சாமானியனின் வாழ்க்கைக்கு மறைப்பு, பதவியின் செயலுக்கு வெளிச்சம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தார்கள். ஆனால் நம் தெருக்களில் வெளிச்சம் முழுவதும் சாமானியன்மேல் விழுகிறது. பார்ப்பவர் இருட்டில் இருக்கிறார். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. இது எனக்கு ஏற்புடையதல்ல.

உங்களில் சிலர் நாளை இந்த மென்பொருளை எழுதப்போகிறீர்கள். சிலர் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ ஒப்பந்தக் கோப்பில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருக்காரர்களிடமும் கேமரா வைத்திருப்பவரிடமும் சம்மதம் கேட்டு, ஒரே ஒரு மாலை, அந்தக் கேமரா பார்ப்பதை அந்தத் தெருவிலேயே வெள்ளைத் திரை கட்டி ஓடவிடுங்கள். வருபவர்கள் தங்களைத் தாங்களே பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள்: இந்தப் படத்தைப் பார்ப்பவர் யார், எத்தனை நாளில் அழிக்கப்படும், புகார் சொல்ல எங்கே போக வேண்டும். விடை கிடைக்காத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். நிறுவல் கலைக்கு இதைவிடப் பெரிய செலவு தேவையில்லை. பாட்டிகளுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். முதலில் அவர்கள் கேட்கட்டும். நாள் குறித்துச் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.