எண்ணுவதும் எண்ணிப் பார்ப்பதும்



'எண்ணுதல்' என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் தரும். ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுவதும் எண்ணுதலே, சிந்திப்பதும் எண்ணுதலே. சாலையில் நடப்போரையும் ஊர்திகளையும் கணக்கிடும் பணிக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதே இன்றைய உரையின் கருத்து.

கணக்கெடுப்பாளர் சாலையோரம் அமர்ந்து, நான்கு கோடுகளின்மீது ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, 15 நிமிடத்திற்கு ஒருமுறை தொகையை எழுதுவது பழைய முறை. அது இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் நேரம் செல்லச் செல்ல மனிதரின் கண் களைக்கும், கவனம் சிதறும். கருவிக்கோ களைப்பில்லை. சாலையின் குறுக்கே கிடத்திய ரப்பர் குழாய், சக்கரம் ஏறும்போது எழும் காற்றழுத்தத்தால் அச்சுகளை எண்ணுகிறது. சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள், மேலே வரும் ஊர்தியின் உலோகத்தை உணர்கிறது. இரவும் பகலும் இவை உழைக்கின்றன.

ஆயினும், தான் உணர்வதை மட்டுமே கருவி எண்ணும். இரண்டு அச்சுக்கு ஓர் ஊர்தி என வகுக்கும் குழாய்க் கணக்கில், மூன்று அச்சுடைய இரண்டு லாரிகள் மூன்று ஊர்திகளாகிவிடும். கம்பிச் சுருள் நடந்து செல்வோரை உணராது. சாலையைக் கடக்கக் காத்திருப்பவர் ஒருவராயினும் பதின்மராயினும், பொத்தான் போக்குவரத்து விளக்கிற்கு அனுப்பும் செய்தி ஒன்றே. படக்கருவி மனிதரைக் கண்டறியும். எனினும் நெருங்கிய கூட்டத்தில் ஒருவர் மற்றவரை மறைத்துவிடுவார்.

இது வெறும் கணக்குப் பிழை அன்று. ஊர்திகளின் தொகை மட்டுமே திட்டமிடுவோரின் மேசையை அடைந்தால், சாலை அகலும், நடைபாதை குறுகும், முதியவர் பாதி வழி கடப்பதற்குள் பச்சை விளக்கு அணையும். சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு அறிமுகமான ஏற்பாடு ஒன்றை இங்கு நினைவுகூர்வோம். மூத்தோர் தம் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் வைத்தால், கடக்கும் நேரம் சில வினாடிகள் நீளும். 'பாதசாரி' என்ற சொல்லுக்குள் மெல்ல நடப்பவரும் அடங்குவர் என்னும் எண்ணம் அந்தக் கருவியில் அமைந்துள்ளது.

ஆகவே, நெடுநேரக் கணக்கைக் கருவியிடம் ஒப்படைப்போம். அது விட்டவரை அறியவும், அதன் கணக்கைச் சரிபார்க்கவும் நாமே எண்ணுவோம். ஆசிரியர்கள் மாணவரைப் பாதுகாப்பான ஓரிடத்தில் அமர்த்தி, பள்ளி வாயிலில் 15 நிமிடம் கணக்கெடுக்கச் செய்யலாம். அதற்குமுன், யார் யாரை எண்ணப் போகிறோம் என்னும் பட்டியலை மாணவரே தமிழில் எழுதட்டும். சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் அழைத்து வருபவரும் அப்பட்டியலில் உள்ளனரா எனப் பார்ப்பதே முதற் பாடம்.